கிட்டார் கழுத்து இன்னும் காயவில்லை

என் மனைவிக்கு இடது மணிக்கட்டில் ஆபரேஷன் ஆன மறுநாள், டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி எப்போது கிட்டார் வாசிக்கலாம் என்பதுதான். எப்போது சமைக்கலாம் என்று கேட்பாள் என்று நினைத்திருந்த நான் கொஞ்சம் ஏமாந்தேன். வேலூர் ஆஸ்பத்திரியின் அந்த டாக்டரம்மா மழுப்பிப் பேசுகிற ஆள் இல்லை. நரம்பு ரொம்ப காலம் அழுந்திக் கிடந்திருக்கிறது, அழுத்தத்தை எடுத்துவிட்டோம், உணர்ச்சி மெதுவாகத் திரும்பலாம், முழுசாகத் திரும்பாமலும் போகலாம் என்று சொன்னார். கையை வேலை வாங்குங்கள், ஆனால் விரட்டாதீர்கள் என்றும் சொன்னார்.

ரொம்ப காலம் என்றால், ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் அவள் தையல் மெஷினில் உட்கார்ந்த வருஷங்கள் மொத்தமும். ஷூவின் மேல்தோலைத் தைக்கும்போது வலது கை சும்மா வழி காட்டும், இடது கைதான் தோலைத் திருப்பித் திருப்பி ஊசிக்குக் கொடுக்கும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் முதலில் மரத்தன, பிறகு இரவெல்லாம் எரிந்தன, கடைசியில் டீ டம்ளர் சுடுகிறதா என்றே தெரியாமல் போயின. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போக ஒப்புக்கொண்டாள். அவள் பிடிவாதத்தைப் பற்றித் தனியாக எழுதலாம், ஆனால் எழுதினால் வீட்டில் சோறு கிடைக்காது.

அவள் வாசித்தது எலக்ட்ரிக் கிட்டார். எங்கள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாடகர் குழுவின் ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி அவளுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். ஆரம்பத்தில் சில பெரியவர்கள் இது சினிமாக்காரன் வாத்தியம் ஆயிற்றே என்று முணுமுணுத்தார்களாம். இவள் சத்தத்தைக் குறைத்து வைத்து, பாட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடுகிற மாதிரி வாசித்ததில் அவர்கள் வாயடைத்துப் போனார்கள் என்று அவளே சொல்லிக்கொள்வாள். எனக்குச் சங்கீதத்தில் பூஜ்யம். அந்தக் கிட்டாரை முதன்முதலில் பார்த்தபோது நான் பார்த்தது அதன் மேல்பூச்சைத்தான்.

நான் மேல்விஷாரத்தில் ஒரு டேனரியின் ஃபினிஷிங் பிரிவில் வேலை செய்கிறேன். பதப்படுத்தி, சாயம் ஏற்றி வருகிற தோலுக்குக் கடைசியாக லேக்கர் அடித்துப் பளபளப்புக் கொடுப்பது எங்கள் பிரிவு. யார் வீட்டுக்குப் போனாலும் சோபாவைத் தடவிப் பார்ப்பேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவரின் கைப்பையை உற்றுப் பார்த்து வாங்கிக் கட்டிக்கொண்டதும் உண்டு. அவளுடைய கிட்டாரில் அடித்திருந்ததும் லேக்கர்தான், தோலுக்கு அடிக்கிற அதே குடும்பம். தேன் நிறத்தில் தொடங்கி ஓரத்தில் கருப்பாக முடியும். விஷயம் தெரிந்த எவனோ ஸ்பிரே பிடித்திருக்கிறான் என்று அப்போதே நினைத்தேன். பெண் பார்க்கப் போன இடத்தில் கிட்டாரைப் பார்த்தவன் என்று அவள் இன்றைக்கும் கேலி செய்வாள்.

ஆபரேஷன் தையல் பிரித்துச் சில மாதம் கழித்து அவள் மறுபடியும் வாசிக்க உட்கார்ந்தாள். விரல்களை ஒரு சேர வைத்துக் கம்பிகளை அழுத்துவதை அவர்கள் பிடி என்பார்கள், ஒரே பிடியில் வாசிக்கும்போது சரியாகத்தான் இருந்தது. அந்தப் பிடியிலிருந்து அடுத்த பிடிக்கு கை நகர வேண்டிய நேரத்தில்தான் தகராறு. கை கிளம்பாது. கிளம்பினாலும் பாட்டு போன பிறகு போய்ச் சேரும். தினமும் சமையல் முடித்ததும் உட்காருவாள், கொஞ்ச நேரத்தில் கீழே வைத்துவிடுவாள். பாடகர் குழுவை நடத்துகிற கீபோர்டு வாசிப்பவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர், தங்கமான மனுஷன். அக்கா, நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க, நாங்க சமாளிச்சிக்கிறோம் என்று அவர் பாசமாகச் சொன்னார். அந்த வார்த்தை இவளை எப்படிக் குத்தியது என்று அவருக்குத் தெரிய நியாயமில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சர்ச்சிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு நான் கண் அசந்துகொண்டிருந்தேன். உள் அறையில் ஒரே இடத்தை அவள் திரும்பத் திரும்ப வாசிப்பது கேட்டது. பிறகு நின்றுபோனது. எழுந்து போய்ப் பார்த்தேன். கிட்டார் கட்டில்மேல் கிடந்தது. அவள் கையை மடியில் மல்லாத்தி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என் கையே இல்லீங்க" என்றாள். "வேற யாருதோ எடுத்து ஒட்ட வெச்ச மாதிரி இருக்குது. நாற்காலிய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன்."

சரி, முதலில் கிட்டாரை எடுத்து ஓரமாக வைப்போம் என்று இடது கை நகர்கிற அதன் நீளக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். தூக்கினவன் அப்படியே நின்றுவிட்டேன். என் கட்டைவிரல் கழுத்தின் பின்பக்கத்தில் லேசாக ஒட்டி, பிரிந்தது. மறுபடி அழுத்தினேன், மறுபடியும் ஒட்டியது. தோலில் லேக்கர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாங்கள் பூச்சுப் பக்கம் பூச்சுப் பக்கத்தோடு சேரும்படி மடித்து அழுத்திப் பிரிப்போம். நல்ல தோல் சத்தமில்லாமல் பிரியும், கெட்டது கிசுகிசுக்கும். வருஷக்கணக்காக நாளெல்லாம் இதைச் செய்கிற கட்டைவிரல் இது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தால், கழுத்தின் பின்புறம் சில இடத்தில் பூச்சே இல்லாமல் மரம் அழுக்கேறிக் கிடந்தது. மற்ற இடத்தில் பழைய வியர்வை ஊறி லேக்கர் இளகிப்போயிருந்தது.

"ஏய், உன் கைக்கு ஒண்ணும் இல்ல" என்று நான் கிட்டத்தட்டக் கத்தினேன். "லேக்கர் செத்துப் போச்சு. கழுத்துதான் உன் கையப் புடிச்சி வெச்சிக்குது."

அவள் நம்பவில்லை. தொட்டுப் பார்த்தாள், ஆனால் உணர்ச்சி இல்லாத அந்த விரல்களுக்கு ஒட்டுவதும் ஒட்டாததும் ஒன்றுதான். பிறகு வலது கையால் தொட்டுப் பார்த்தாள். அழுத்தினாள், எடுத்தாள், அழுத்தினாள். மெல்ல அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷத்தை நான் அவளிடம் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நானே சரி பண்ணித் தருகிறேன், இது என் தொழில் என்று மார்தட்டினேன்.

எங்கள் பிரிவில் கலர் சேர்க்கிற பாய் என் தோஸ்த். கெமிக்கல் கம்பெனிக்காரன் சாம்பிளுக்கு விட்டுப்போன மேல்பூச்சு லேக்கர் ஒரு டப்பாவில் மீதம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவர் கொடுத்தார். ஷூவின் முன்பக்கத்துக்கு அடிக்கிற முதல்தரமான சரக்கு. வீட்டுக்குக் கொண்டுவந்து, கம்பிகளைக் கழற்றி, திருகாணிகளை எடுத்து, கழுத்தை உடம்பிலிருந்து தனியாகப் பிரித்தேன். விரல் வைக்கிற பக்கத்தை டேப் ஒட்டி மூடினேன். பின்பக்கத்தில் இளகிப்போனதைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, மொட்டைமாடியில் கொடியில் தொங்கவிட்டு, சின்ன ஸ்பிரே துப்பாக்கியால் அடித்தேன். அரைமணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த அம்மா நின்று பார்த்துவிட்டுப் போனார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

மாட்டிக் கொடுத்தேன். அவள் உட்கார்ந்து வாசித்தாள். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்க்காமலே சொன்னாள்.

"இன்னாங்க இது, முன்னவிட ஜாஸ்தியா புடிக்குது. லேக்கர் புதுசுதான். அப்ப என் கைதான் இன்னும் மோசமாயிடுச்சி போல."

கை சூடு பட்டதும் அந்தப் பளபளப்பில் அவள் கட்டைவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராத்திரி சரியாகத் தூங்கவும் இல்லை. மறுநாள் டேனரியில், முடிந்த தோல் ஒன்றை ஒருவர் மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், நடக்கும்போது ஷூ மடங்குகிற இடத்தில் பூச்சு வெடிக்கிறதா என்று. அதைப் பார்த்ததும் எனக்கு உறைத்தது. தோல் லேக்கர் வெடிக்காமல் இருப்பதற்காகவே அதில் எண்ணெய் மாதிரி ஒரு மிருதுவாக்கியைக் கலந்திருப்பார்கள். தோல் மடங்க வேண்டும், அதோடு சேர்ந்து பூச்சும் மடங்க வேண்டும். மரம் எங்கே மடங்கப் போகிறது? அதற்கு வேண்டியது விறைப்பு. ஆயுசு முழுக்க மடங்குகிற பொருளுக்கே பூச்சு அடித்தவன், மடங்காத பொருள் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதையே மறந்திருக்கிறேன்.

பாயிடம் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் மெஷினை நிறுத்த வேண்டியிருந்தது. "மாஸ்டர், கிட்டாருக்கு ஷூ லேக்கரா அடிச்சீங்க?" என்றார். டப்பாவைக் கொடுத்தது அவர்தான் என்பதை அவர் வசதியாக மறந்துவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் டேனரி முழுக்கத் தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவன் கிட்டாருக்கு லேஸ் கட்டியாச்சா என்று கேட்டான். இன்னொருவன் எத்தனாம் நம்பர் சைஸ் என்றான். நானும் சிரித்துவைத்தேன். உண்மையில் எனக்கு ஒரே நிம்மதி. கை மோசமாகவில்லை, என் புத்திதான் மோசம்.

இரண்டாவது முறை ஒழுங்காகச் செய்தேன். வாலாஜாபேட்டை ஹார்டுவேர் கடையில் மரச்சாமான்களுக்கு அடிக்கிற லேக்கரும் தின்னரும் வாங்கினேன். முன்பு அடித்ததை மிச்சமில்லாமல் துடைத்தெடுத்தேன். மழை ஈரம் இருக்கிற நாளில் லேக்கர் அடித்தால் பால் படிந்த மாதிரி வெளுத்துவிடும், அது தோலுக்கும் மரத்துக்கும் பொது. ஆகவே வெயில் நாளாகப் பார்த்து, மெல்லிசாக ஒரு பூச்சு, காயவிட்டு இன்னொரு பூச்சு என்று அடித்தேன். கிட்டாரின் உடம்பில் அவள் வலது முழங்கை உரசி உரசிப் பூச்சு போயிருந்த இடத்தையும் விட்டுவைக்கவில்லை. அங்கே ஒரு அதிசயத்தைக் கண்டேன். தோலில் ஒட்டுப்பூச்சு போட்டால் எவ்வளவு கெட்டிக்காரன் போட்டாலும் எல்லைக்கோடு தெரியும். இதில் புது லேக்கர் பழைய லேக்கரைக் கொஞ்சம் கரைத்து அதற்குள்ளேயே போய்க் கலந்துவிட்டது. எங்கே பழசு முடிந்து எங்கே புதுசு தொடங்குகிறது என்று அடித்த எனக்கே தெரியவில்லை. அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மர லேக்கர் மேலே சீக்கிரம் காய்ந்துவிடும், உள்ளே இறுகத்தான் வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் தொடாதே என்று அவளிடம் சொல்லி, கழுத்தை உள் அறையில் ஜன்னலோரம் தொங்கவிட்டேன். அவளும் சரி என்றாள். அந்த நாட்களில் வீடு வேறு வீடாக இருந்தது. டாக்டரம்மா சொன்ன விரல் பயிற்சிகளை முன்பு கடனே என்று செய்வாள். இப்போது பாடிக்கொண்டே செய்தாள். எந்தெந்தப் பாட்டு வாசிப்பது என்று பேசினாள். கீபோர்டுக்காரரிடம், கையில கோளாறு இல்லை தம்பி, கிட்டார்லதான் கோளாறு, இதோ வந்துடறேன் என்று போனில் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கழுத்து ஒட்டுகிறது என்று கண்டுபிடித்தவன் நான். ஒட்டியது கழுத்து மட்டும்தானா என்று எனக்குத் தெரியாது. அந்த ஆபரேஷன் பொய் இல்லையே, டாக்டரம்மா சொன்னதும் பொய் இல்லையே. ஒருவேளை கழுத்து வழவழவென்று ஆன பிறகும் கை கிளம்பவில்லை என்றால் என்ன செய்வது? அதற்குப் பிறகு பழி போட ஒரு சாமானும் மிஞ்சாது. முதல் தடவையே விட்டிருந்தால் அவள் தானாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேறியிருப்பாள். நான் அவளைத் தூக்கி மேலே உட்கார வைத்துவிட்டேன், இனி விழுந்தால் பலமாக அடிபடும்.

தினமும் காலையில் போய், திருகாணி போடுகிற, வெளியில் தெரியாத ஓரத்தில் நகத்தை வைத்து அழுத்திப் பார்ப்பேன். முதலில் தடம் விழுந்தது. பிறகு லேசாக விழுந்தது. பிறகு விழவில்லை. ஆயிற்றா என்று அவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். இன்னும் காயவில்லை என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. மறுநாளும் கேட்டாள், மறுநாளும் அதையே சொன்னேன். அப்படியே பழகிவிட்டது. பாய்கூட வேலையிடத்தில் விசாரித்தார். காற்றில் ஈரம் பாய், மழைதான் கெடுக்கிறது என்றேன். "மழையா? எந்த ஊர்ல, மாஸ்டர்?" என்று அவர் வெளியே காய்கிற வெயிலைப் பார்த்துக் கேட்டார். எனக்குக் கோபம் வந்து, உன் கலர் இன்றைக்குச் சாம்பிளோடு சேரவில்லை, அதை முதலில் பார் என்று எரிந்து விழுந்தேன். பாவம், கலர் நன்றாகத்தான் சேர்ந்திருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து வந்தபோது, அவள் கழுத்தை ஜன்னலோரத்திலிருந்து எடுத்து மடியில் வைத்திருந்தாள். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். எனக்கு விளங்கிவிட்டது. ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவளுக்கு இது தெரியாமல் போகுமா? வாசனை அடிக்கிற ஷூவை அங்கே டப்பாவில் போட மாட்டார்கள், உள்ளே காயவில்லை என்று அர்த்தம்.

"வாசனை போயி எவ்வளவோ நாளாச்சி" என்றாள். குரலில் கோபம் இல்லை. "நீங்க இன்னாத்துக்கு பயப்படறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அதே பயம்தான். அதனாலதான் இத்தினி நாளா நீங்க காயலன்னதும் நானும் சரின்னு இருந்தேன். போதும், மாட்டுங்க."

திருப்புளியை எடுத்துவந்து உட்கார்ந்தேன். கழுத்தைப் பொருத்தி, கம்பிகளை மாட்டி, அவளிடம் கொடுத்துவிட்டு வாசற்படிக்குப் போய்விடலாம் என்று எழுந்தேன். இங்கேயே உட்காருங்கள் என்றாள்.

வாசித்தாள். முதல் பிடியிலிருந்து இரண்டாவது பிடிக்கு கை வழுக்கிக்கொண்டு போனது. அங்கிருந்து மூன்றாவதுக்கும் போனது. என் நெஞ்சுக்குள் ஒன்று துள்ளியது. நாலாவது, ஆள்காட்டி விரலைக் குறுக்கே படுக்கவைத்து எல்லாக் கம்பியையும் ஒன்றாக அழுத்த வேண்டிய பிடி. கை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. விரல் அழுத்தியது. கம்பிகள் பாதி ஒலித்து, பாதி செத்தன. மறுபடி தொடக்கத்திலிருந்து வந்தாள், மறுபடியும் அதே இடத்தில் செத்தது. எந்தக் கம்பியில் அழுத்தம் போதவில்லை என்று அந்த விரல் அவளுக்குச் சொல்லவே இல்லை. அவள் நிறுத்தினாள். நான் தரையைப் பார்த்தேன். எனக்கு டாக்டரம்மாமேல் கோபம், ஷூ கம்பெனிமேல் கோபம், அன்றைக்கு அந்தக் கழுத்தைத் தொட்ட என் கட்டைவிரல்மேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

"கழுத்துல ஒண்ணும் கொற இல்லீங்க, நல்லா அடிச்சிருக்கீங்க" என்றாள். "பாதி லேக்கரு, பாதி வெரலு. இத்தினி மாசமா மொத்தமும் கைதான்னு இருந்தேன், அப்புறம் மொத்தமும் கிட்டாருதான்னு இருந்தேன். இப்ப எது எதுன்னு தெரிஞ்சுடுச்சி. பாதி கை இருந்தா போய் ஒக்காரலாம்."

அவள் அழவில்லை. நான்தான் அழுதேன், அதுவும் அசிங்கமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு. அவள் கிட்டாரைக் கீழே வைக்காமலே முந்தானையை நீட்டினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். கீபோர்டுக்காரரிடம் முன்னாலேயே விவரம் சொல்லியிருந்தாள். குறுக்கு விரல் பிடி வருகிற இடத்தில் தான் கையை எடுத்துவிடுவதாகவும், அங்கே அவர் நிரப்பிக்கொள்ள வேண்டும் என்றும். சபையில் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆண்கள் பக்கத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரிந்தது. அத்தனை வருஷமும் எது எந்தப் பாட்டு என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தவன், அன்றைக்கு அவள் வாசிக்காமல் விட்ட ஒவ்வொரு இடத்தையும் கேட்டேன்.

திரும்பி வரும்போது அவள் கிட்டார் பையை முதுகில் மாட்டிக்கொண்டு, பைக்கில் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். இடது கை என் தோளில் இருந்தது. சட்டைத் துணி தெரிகிறதா என்று கேட்டேன். கட்டைவிரலில் லேசாகத் தெரிகிறது, மற்ற இரண்டில் இன்னும் இல்லை என்றாள். பாலாற்றுப் பாலம் தாண்டியதும் காதருகே குனிந்து கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க. எத்தினி எடத்துல விட்டேன்?"

ஒன்றுமே தெரியவில்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு, "நாலு" என்றேன்.

"அஞ்சு" என்றாள் அவள். "ஒண்ண உங்களுக்கே தெரியாத மாதிரி விட்டேன்."